கூவுறது ஆண்குயிலுலே, பேராண்டி

வாலே, உக்காரு. திண்ணையில புழுதி கெடக்கு, தட்டிட்டு உக்காரு. உன் வெள்ளைச் சட்டைக்கும் எங்க கரிசலுக்கும் ஆகாது.

நேத்து குருவிகுளம் பஸ் நிக்கிற எடத்துல டீ குடிக்கும்போது நீ சொன்னதக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கண்ணுதான் மங்கிட்டு. காது இன்னும் பாம்புச் செவி. உரக்கடைக்குப் புதுசா வந்திருக்கானே ஒரு பையன், அவன் "அண்ணாச்சி, எனக்குச் சீனி கொஞ்சம் கம்மியா..."ன்னு மெலிசா ஒரு இழுப்பு இழுத்தான். அம்புட்டுத்தான். நீ ஒன் சேக்காளி தொடையில தட்டி, "மச்சான், இவன் அந்த மாதிரிடா, பேச்சுலேயே தெரியுது"ன்னே.

எந்த மாதிரிலே?

மாடு வாங்கப் போறவன்கூட பல்லப் புடிச்சுப் பாப்பான். சுழி பாப்பான். நாலு எட்டு நடக்க விட்டுப் பாப்பான். அப்புறமும் வீட்டுக்கு வந்தா முட்டும். நீ ஒரு கிளாஸ் டீ ஆறுததுக்குள்ள ஒரு மனுசனுக்குச் சுழி சொல்லிட்டே. அவனுக்கு யாரைப் புடிக்கும், யாரைப் புடிக்காதுன்னு அவன் சீனி கேட்டதுலேயே தெரிஞ்சுபோச்சு ஒனக்கு. கெட்டிக்காரன்தான்.

அந்தா, வேப்பமரத்துல கூவுதே, கேக்கா? என்ன அது?

குயிலு. சரி. ஆணா பொண்ணா? "பொண்ணு"ன்னுதானே வாய்க்குள்ள வருது? நம்ம கவிராயங்கள்ல நெறையப் பேரு அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க. நல்லாப் பாடுத பொம்பளைக்கெல்லாம் குயிலுன்னு பட்டம். ஆனா அங்ஙன உக்காந்து தொண்டை கிழியக் கூவுதான் பாரு, கறுப்பா, செவந்த கண்ணோட, அவன் ஆம்பளை. பொட்டை உடம்பெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கும். அது கூவாது. 'கிக் கிக்'னு கத்திட்டுப் பறந்துபோயிரும். தலைமுறை தலைமுறையா ஒரு பறவையோட கொரலையே தப்பாக் கணக்குப் போட்டிருக்கோம். இதுல நீ உரக்கடைப் பையன் மனசுக்குள்ள எறங்கிக் கணக்குப் பாக்கே.

மயிலு இருக்கே. ஆணுக்குத்தான் அம்புட்டுத் தோகை, அம்புட்டு அலங்காரம். அது வாயத் தொறந்தா? கெணத்து உருளைக்கு எண்ணெ விடாத சத்தம். தோகையப் பாத்து ஒண்ணு சொல்லுவே, கொரலக் கேட்டு வேற சொல்லுவே. எதுலே நெசம்?

சரி, பறவையை விடு. ஒங்க தாத்தன் காலத்துக்கு முந்தின நாடகக் கம்பெனிக கதை தெரியுமா? சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல மதுரையில பையங்களாச் சேத்து ஒரு கம்பெனி வச்சாரு. அதுல ராசாவும் பையன்தான், ராணியும் பையன்தான். ராணி வேசம் கட்டுதவனுக்கு ஸ்திரீபார்ட்டுன்னு பேரு. எந்தப் பையன் பொம்பளை மாதிரி நல்லா இழுத்துப் பேசுதானோ அவனுக்குத்தான் மவுசு. மகரக்கட்டு வந்து தொண்டை ஒடைஞ்சுட்டா போச்சு, ராணி மறுநாளே சேவகன். கொரல்வளை நீளும், நரம்பு தடிக்கும், விநாடிக்கு 200 தடவைக்கு மேல அதிர்ந்தது 120 கிட்ட எறங்கிரும். அவ்வளவுதான் சங்கதி. தொண்டைக்குள்ள நடக்குத கொத்தனார் வேலை. அது ஒருத்தனுக்குக் கூடவும் நடக்கும், ஒருத்தனுக்குக் கொறச்சலாவும் நடக்கும். மனசுக்கும் அதுக்கும் நடுவுல வாய்க்கால் வெட்டுனவன் யாரு?

அந்தக் கம்பெனியில வளந்த டி.கே. சண்முகம், பெறகு கெழவி வேசம் கட்டி ஔவையாரா நின்னாரு. ஊரே கையெடுத்துக் கும்புட்டுச்சு. ஔவைன்னே அவருக்குப் பேராகிப் போச்சு. நம்ம தென்காசிப் பக்கம் செங்கோட்டையில பொறந்த கிட்டப்பா, உச்சாணியில எடுத்தாருன்னா கடைசி வரிசையில படுத்திருக்குதவன் எந்திரிச்சு உக்காருவானாம். மைக்கு கெடையாதுலே அப்பம். ஆம்பளை இப்படி ஒசக்கப் பாடலாமான்னு ஒருத்தன் கேக்கல. அவரு வீட்டம்மா கே.பி. சுந்தராம்பாள் 1935-ல நந்தனாரா, ஆம்பளை வேசத்துலேயே, படத்துல நடிச்சாக. சம்பளம் ஒரு லச்சம். எம்.எஸ். சுப்புலட்சுமி 1941-ல 'சாவித்திரி'யில நாரதரு. அந்தக் காசுலதான் 'கல்கி' பத்திரிகையே வந்துச்சு. ஆம்பளை பொம்பளையாப் பேசி, பொம்பளை ஆம்பளையாப் பாடி வளத்த கலையில பொறந்துட்டு, ஒனக்கு ஒரு இழுப்பு தாங்கலையாக்கும்.

ரொம்பத் துள்ளாதலே, அந்தக் காலம் பொன்னுன்னு நான் சொல்ல வரல. மேடையில கும்புட்டவந்தான் தெருவுல கேலியும் பண்ணான். ஸ்திரீபார்ட்டுக்காரனுக்கு மேடையில பொன்னாடை, ஊருக்குள்ள நடந்தா பின்னாடி சீட்டி. நானே யோக்கியமா? எங்கூட எட்டாப்பு படிச்ச ஒருத்தன். பேரு வேண்டாம். கொரலு சன்னம். வாசிக்கச் சொன்னா பாட்டு மாதிரி வரும். வாத்தியாரு மொதக்கொண்டு அவனை எழுப்பி வாசிக்கச் சொல்லிச் சிரிப்பாரு. நாங்க 'ஒம்போது'ன்னு பட்டம் வச்சோம். ஒரு நாள் அவன் வாசிக்கவே மாட்டேன்னு நின்னான். கையில அடி விழுந்துச்சு. அஞ்சு அடி. நான் முன் பெஞ்சுல உக்காந்து எண்ணுனேன். மறுநாள்ல இருந்து அவன் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரல. அவனுக்கு ஆம்பளையப் புடிக்குமா பொம்பளையப் புடிக்குமான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நல்லா வாசிப்பான், அது தெரியும்.

இங்ஙன கெழக்க, இடைசெவல்ல இருந்த கி. ராஜநாராயணன் 'கோமதி'ன்னு ஒரு கதை எழுதியிருக்காரு. ஆம்பளையாப் பொறந்து பொம்பளை மாதிரி நடந்துக்கிட்ட ஒரு சமையக்காரரு கதை. கெடைச்சா வாசி. நீ கோமதின்னதும் பொம்பளைப் பேருன்னு நெனைப்பே. சங்கரன்கோவில் பஜார்ல நின்னு 'ஏ கோமதீ'ன்னு கூப்புட்டுப் பாரு. நாலு மீசைக்காரன் திரும்புவான். கோமதிநாயகம் அத்தனை பேரும் எங்களுக்குக் கோமதிதான்.

கோயம்புத்தூர் பக்கம் போயிருக்கியா? லாரிக்காரன் ஒருத்தன், மீசை காதைத் தொடும், "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ம்பான். நம்மாளு கேட்டா இவன் என்ன கொஞ்சுதான்ம்பான். நம்ம ஊருக்காரன் அங்க போயி "என்னலே"ன்னா சண்டைக்கு வாரான்ம்பாங்க. ஊருக்கு ஊரு தண்ணி மாதிரி கொரலும் மாறும். யாரு நடுவுல வளந்தே, யாரு பேச்சு காதுல விழுந்துச்சு, அதுதான் நாக்குல நிக்கும்.

அமெரிக்காவுலயும் இதே கோட்டித்தனம்தான். டேவிட் தோர்ப்புன்னு ஒருத்தரு, ஆம்பளையப் புடிச்ச ஆம்பளை. எங் கொரலு ஏன் இப்படி இருக்குன்னு வெக்கப்பட்டு, மாத்துததுக்கு வாத்தியாரு வச்சுப் படிச்சு, அதையே 2014-ல ஒரு படமா எடுத்திருக்காரு. ஒங்க அத்தை மக போட்டுக் காட்டி அர்த்தமும் சொன்னா. அதுல ஒருத்தன், பேச்சைக் கேட்டா நீ தொடையில தட்டுவே. அவனுக்குப் புடிச்சது பொம்பளைதான். பொம்பளைக நடுவுல வளந்ததால நாக்கு அப்படி. இன்னொருத்தன் பேசுனா போலீஸ்காரன் மாதிரி. அவனுக்குத்தான் ஆம்பளையப் புடிக்கும். உன் சோசியம் ரெண்டு தடவையும் பொய்.

தன்பாலீர்ப்புன்னு இப்பம் பத்திரிகையில எழுதுதாங்க. வாயில நுழைய எனக்கு ரெண்டு நாளாச்சு. ஆனா ஒங்க 'அந்த மாதிரி'க்கு இது எம்புட்டோ தேவலை. 2021-ல சென்னை ஹைகோர்ட்டுல ஒரு வழக்கு. மதுரையில இருந்து போன ரெண்டு பொம்பளப்புள்ளைக, நாங்க சேந்து வாழுதோம், வீட்டுக்காரங்களும் போலீசும் தொந்தரவு பண்ணாம காப்பாத்துங்கன்னு போயி நின்னுச்சுக. ஆனந்த் வெங்கடேஷ்னு நீதிபதி. அவரு என்ன பண்ணாரு தெரியுமா? எனக்கு இதுல வெவரம் பத்தாதுன்னு கோர்ட்டுலேயே ஒத்துக்கிட்டு, மனநல நிபுணர் ஒருத்தரு முன்னால உக்காந்து பாடம் கேட்டாரு. பெறகுதான் உத்தரவு போட்டாரு. இவங்கள வைத்தியம் பண்ணி 'மாத்துதேன்'னு எவனும் கெளம்பக் கூடாதுன்னாரு. அவங்களை மரியாதையா எப்படிக் கூப்புடணும்னு அரசாங்கமே 2022-ல கெசட்டுல சொல் பட்டியலு போட்டுச்சு. அந்தப் புள்ளைக கொரலு எந்தக் கட்டைன்னு யாராச்சும் கேட்டாங்களா? ஹைகோர்ட்டு நீதிபதிக்கே பாடம் வேண்டியிருந்துச்சு. நீ ரெண்டு ரீல்ஸ் பாத்துட்டுத் தீர்ப்பு எழுதிட்டே.

தன்பாலுல சேருததக் குத்தமாக்கி வெள்ளைக்காரன் 1860-ல எழுதிவச்ச 377-ஆம் சட்டப் பிரிவையே, மனசொத்து இருக்குத பெரியவங்க விசயத்துல செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6-ஆந் தேதி தள்ளிட்டு. நீ டீக்கடையில அதைத் திரும்ப நட்டு வச்சுத் தண்ணி ஊத்துதே.

இன்னொண்ணு சொல்லட்டா. நம்ம பக்கம் ரெண்டு பேரு இருந்தாங்க. ஒருத்தரு ஏர் ஓட்டுதவரு. மாட்டை அதட்டுனாருன்னா மூணு பிஞ்சை தள்ளிப் பருத்தி எடுக்குத பொம்பளைக திரும்பிப் பாக்கும். முரட்டுக் கொரலு. இன்னொருத்தரு கொத்தனாரு, வாயே தொறக்க மாட்டாரு. ஒரே வளவுல நாப்பது வருசம். ஒரே அடுப்பு. ரெண்டு பேரும் கல்யாணம் கட்டல. கேட்டா, சேக்காளிகன்னு ஊரு சொல்லிக்கிடும். பெரியவரு கொரலுக்குப் பயந்தோ என்னவோ, அதுக்கு மேல யாரும் கேக்கல. அவங்க என்னவா இருந்தாங்கன்னு எனக்கும் தெரியாது. கொத்தனாரு போன அன்னைக்கு, அந்த மூணு பிஞ்சைக் கொரலுக்காரரு திண்ணையில உக்காந்து வாயத் தொறந்தாரு. காத்துத்தான் வந்துச்சு, சத்தம் வரல. பெறகு அவரு மாட்டை அதட்டி நான் கேக்கல. மாட்டையே வித்துட்டாரு.

என்னலே, மூஞ்சி தொங்கிப்போச்சு? காப்பி வரும், குடி.

உன் கதைக்கு வாரேன். மெட்ராசுல கம்பெனிக்காரங்க ஒனக்கு இங்கிலீஷ் பேசப் பழக்கிக் குடுத்தாங்கள்ளா? போன வாரம் ராத்திரி மொட்டை மாடியில நின்னு வெளிநாட்டுக்காரங்கிட்டப் பேசுனியே, மூக்கால. யாரோ தொரை வீட்டுக்கு வந்துட்டாரோன்னு நான் வேட்டியச் சரி பண்ணேன். எங்கிட்டப் பேசும்போது 'என்ன தாத்தா'ன்னு கரிசக்காடு. மூணாவதா ஒரு கொரலு வச்சிருக்கே. சாயந்தரம் ஏழு மணிக்கு வேப்பமரத்தடியில வரும். கருப்பட்டிப் பாகு மாதிரி கம்பி கம்பியா இழுக்கும். மூணுல எதுலே ஒன் கொரலு? எதை வச்சு ஒன்னையத் தீர்மானிக்க?

இந்தா, போன் அடிக்கி. மணி ஏழா? எடு. வெக்கப்படாத, எடு. மரத்தடிக்கே போ.

"ம்ம்... சாப்டியா... ம்ம்ம்... நெசமாவா..."

உள்ள அடுப்படியில இருந்து ஒங்க பாட்டி கத்துதா, கேக்கா?

"ஏங்க, வாசல்ல யாரோ பொம்பளப்புள்ள நின்னு பேசுத மாதிரி இருக்கு. யாருன்னு பாருங்க, உள்ள வரச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல, நீ வெஞ்சனத்தை எறக்கு. நம்ம பேரந்தான்."