அந்தக் குழல் நமக்கும் சொந்தம்

கேள்வி: என் மகன் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞன் ஆக வேண்டும் என்கிறான். நம் பிள்ளைக்கு இந்த மேல்நாட்டுக் குழல் எதற்கு?
– ஒரு தாய், கிள்ளான்

பதில்: 1846-இல் பெல்ஜியக்காரரான அடோல்ஃப் சாக்ஸ் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை வாங்கியபோது, 'இதில் கல்யாணி ராகம் வாசிக்கக் கூடாது' என்று நிபந்தனை எதுவும் போடவில்லையே அம்மா!

நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கினார். பல ஆண்டுகள் போராடி அதில் கர்நாடக இசையின் கமகத்தைக் குழைய வைத்தார். 1994-இல் லண்டன் பிபிசி ப்ராம்ஸ் இசைவிழா மேடை ஏறினார். அதே ஆண்டு வந்த 'டூயட்' படத்தில் பிரபு கையிலிருந்த சாக்ஸபோனுக்கு மூச்சுக் கொடுத்தவரும் அவரே. அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா 2008-இல் அவரோடு சேர்ந்து 'கின்ஸ்மென்' இசைத்தட்டை வெளியிட்டார்.

ஆலாபனையும் ஜாஸும் ஒன்றையே கேட்கின்றன: இலக்கணம் பிசகாத சுதந்திரம். எனவே மகனுக்கு சாக்ஸபோன் வாங்கிக் கொடுங்கள். பிரிக்பீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கச்சேரிகளுக்கும் அழைத்துப் போங்கள். பக்கத்து வீட்டாரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் ஆண்டு அவர்களுக்கும் சாதகம்தான்!