அடுக்ககக் கற்பூரவள்ளியின் உடைமைச் சிக்கல்: ஒரு முதற்கட்ட ஆய்வு

கற்பூரவள்ளியை இருமலின் பக்கம் நின்று ஆராய்ந்தவர்கள் ஏராளம். அதன் இலையில் தைமால், கார்வக்ரால் என்னும் எண்ணெய்ப் பொருள்கள் இருப்பதையும், ஓமத்திலும் தைமால் இருப்பதால்தான் இரண்டும் ஒன்றுபோல் மணக்கின்றன என்பதையும் வேதியியலார் சொல்லி முடித்துவிட்டார்கள். ஆனால் அடுக்ககத்து வாசலில், பழைய பெயின்ட் வாளியில் வளரும் கற்பூரவள்ளி யாருக்குச் சொந்தம் என்ற அடிப்படைக் கேள்வியைத் தொட ஒருவருக்கும் துணிவு வரவில்லை. காரணம் வெளிப்படை. ஆய்வாளர்கள் அனைவருமே எங்கேயாவது இரண்டு இலை பறித்தவர்கள்.

இவ்வாய்வின் களம் சென்னையின் நடுத்தர அடுக்ககம் ஒன்று. தரைத்தளத்து அக்கா வளர்க்கும் ஒரே வாளிச் செடி மேலுள்ள மாடிகளுக்கெல்லாம் மருந்துக்கடையாக இருந்துவருகிறது. ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் பறிப்பு உச்சத்துக்குப் போகும். பறிப்பில் இருவகை உண்டு. மருத்துவப் பறிப்பில் கைக்குழந்தையின் பாட்டிக்கே முதல் உரிமை. அவர் அனுமதி கேட்பதில்லை. “பாப்பாவுக்கு மூக்கடைப்பு” என்று செடியிடமே அறிவித்துவிட்டுக் கிள்ளுகிறார். இலையை அனலில் வாட்டி, கையால் பிழிந்து, சாற்றைத் தேனில் குழைப்பது மரபு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது என்பது மருத்துவர்களின் கண்டிப்பான சொல். அதைப் பாட்டிமார் ஓர் அபிப்பிராயமாக மட்டும் ஏற்பது தனி ஆய்வுக்குரியது.

மற்றது பஜ்ஜிப் பறிப்பு. மழைநாளில் மாலை நாலு மணிக்கு மேல் நடக்கும். இது எப்போதும் மருத்துவ வேடத்திலேயே வரும். “அக்கா, தொண்டை கரகரங்குது, ரெண்டு இலை எடுத்துக்கறேன்” என்ற குரல் கேட்கும். போனபின் பார்த்தால் ஒரு கொம்பே காணாது. அரைமணி கழித்து, தொண்டை கரகரத்த வீட்டிலிருந்து கடலைமாவும் காய்ந்த எண்ணெயும் மணக்கும். அக்கா ஏதும் சொல்லமாட்டார். வாசலில் வந்து நிற்பார். தட்டில் நாலு பஜ்ஜி இறங்கி வந்தால் வழக்குத் தள்ளுபடி.

தட்டு வராதபோதுதான் சட்டம் தேவைப்படுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. பூமியோடு ஒட்டியிருக்கும்வரை ஒரு பொருளைத் திருட முடியாது. பூமியிலிருந்து பிரித்ததும் அது திருடக்கூடிய பொருளாகிவிடும். 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலிருந்தே வரும் விளக்கம் இது. அக்காவின் செடி மண்ணில் இருக்கிறது. மண் வாளியில் இருக்கிறது. வாளி டைல்ஸ் மேல் இருக்கிறது. டைல்ஸ் சங்கத்துக்குச் சொந்தம், அதுவும் பராமரிப்புக் கட்டணம் பாக்கி இல்லாதவரை. இதில் பூமி எங்கே தொடங்குகிறது என்று சொல்லக்கூடிய வழக்கறிஞர் எவரும் எங்கள் கட்டடத்தில் இல்லை. அதே பிரிவின்படி, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளை எடுத்து முதல் தடவை தண்டனைக்கு உள்ளாகிறவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை செய்தால் போதும். பாப்பாவின் வயிற்றுக்குள் போன சாற்றை எப்படித் திருப்புவது? 33ஆம் பிரிவோ, சாதாரண அறிவும் சுபாவமும் உள்ள எவரும் புகார் சொல்லாத அளவுக்கு அற்பமான தீங்கு குற்றமே ஆகாது என்கிறது. இப்பிரிவை எழுதியவர்கள் அடுக்ககச் சங்கக் கூட்டம் எதிலும் உட்கார்ந்தவர்களாகத் தெரியவில்லை.

போகட்டும், தாவரவியலைக் கூப்பிட்டால் வழக்கு முதல் வாய்தாவிலேயே விழுந்துவிடும். கற்பூரவள்ளி தொட்டியில் பூப்பது அபூர்வம். விதை போட்டு வளர்ப்பார் இல்லை. விரல் நீளக் கொம்பை ஒடித்து, அடிக்கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு மண்ணில் செருகினால் ஓரிரு வாரத்தில் வேர் பிடித்துவிடும். அக்காவுக்கு அது கும்பகோணத்து நாத்தனார் வீட்டிலிருந்து ஈரத்துணியில் சுற்றி வந்தது. நாத்தனாருக்குப் பக்கத்து வீட்டு மதில் மேலிருந்து, பக்கத்து வீட்டார் தூங்கும் நேரத்தில் வந்தது. கொம்பில் முளைத்த செடி மரபணு அளவில் தாய்ச்செடியேதான். ஆக, பக்கத்து வீட்டார், நாத்தனார், அக்கா, அக்காவிடம் ஒடித்துக்கொண்டுபோய் இரண்டாம் மாடியில் ரகசியமாக வளர்ப்பவர் ஆகிய எல்லாரிடமும் இருப்பது ஒரே செடி. பல இடங்களில் நிற்கிறது, அவ்வளவுதான். தன் வீட்டிலேயே இருக்கும் செடியை ஒருவர் அடுத்த வீட்டில் எப்படித் திருட முடியும்?

நாடுகளும் இந்த விஷயத்தில் அடுக்ககத்தாரைவிடக் கண்ணியமாக நடந்துகொள்ளவில்லை. ஆங்கிலத்தில் இதே செடிக்குக் கியூபா ஓரிகானோ, ஸ்பானிஷ் தைம், மெக்சிகோ மின்ட் என்று ஆளுக்கொரு பட்டா. போர்ச்சுகீசியப் பாதிரியார் லூரெய்ரோ 1790இல் இந்தோனேசியாவின் அம்போன் தீவின் பேரில் கோலியஸ் அம்போய்னிகஸ் என்று பதிவு செய்தார். 1825இல் ஸ்ப்ரெங்கல் என்பவர் அதைப் பிளெக்ட்ராந்தஸ் கணக்கில் ஏற்றினார். 2019இல் திரும்பவும் கோலியஸுக்கே மாற்றிவிட்டார்கள். இத்தனை பெயர் மாற்றமும் கிரையப் பத்திரம் ஒன்றுகூட இல்லாமல் நடந்தது.

பறித்துப் பறித்துச் செடி நலிகிறது என்பது அக்கா தரப்பின் கடைசி வாதம். இதை முற்றாக மறுக்க வேண்டியிருக்கிறது. கற்பூரவள்ளியின் இலைகள் எதிரெதிராக அமைந்தவை. ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். நுனியை ஒடித்தால் கீழ்க்கணுவில் இரண்டு பக்கமும் துளிர்விடும். ஒடிக்காத செடி ஒட்டடைக்கம்பு மாதிரி நீண்டு, அடி மொட்டையாகி, ஒருநாள் சாயும். எனவே பஜ்ஜிக்காரர் செய்வது கவாத்து. கூலி கேட்காமல் செய்கிறார்.

செடிக்கு உண்மையான ஆபத்து அக்காவின் பாசம். இலை அத்தனை தடிப்பாக இருப்பதே அது தண்ணீரைச் சேர்த்துவைப்பதால்தான். அதற்குப் போய்க் காலையும் மாலையும் குடம் கவிழ்த்தால் தண்டு அழுகாமல் என்ன செய்யும்? இரண்டாம் மாடிச் செடி கொழுகொழுவென்று இருப்பதன் ரகசியமும் இதுவே. எடுத்தவர் அக்காவின் கண்ணுக்குப் பயந்து அதை வாஷிங் மெஷினுக்குப் பின்னால், அரைவெயில் படும் மூலையில் ஒளித்துவைத்திருக்கிறார். நினைவு வந்தால் தண்ணீர் ஊற்றுகிறார். திருடிவைத்த மணிபிளான்ட்தான் தழைக்கும் என்னும் ஊர் நம்பிக்கைக்கும் குற்ற உணர்ச்சியால் குறையும் தண்ணீரே அடிப்படை என்று இவ்வாய்வு கருதுகிறது.

தீர்ப்பு இது. செடி பொது, வாளி அக்காவுடையது. பறிப்பவர்கள் நகத்தால் பிய்க்காமல், கத்தரிக்கோல் கொண்டுவந்து கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். அக்கா மேல்மண் காய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். பஜ்ஜித் தட்டு கீழே வந்தாக வேண்டும். ஒரு தட்டுக்கு நாலுக்குக் குறையக் கூடாது. வாளியையே தூக்கிக்கொண்டு போகிறவர் மேல் மட்டும் 303 பாயும்.