கணுவைப் பார், காயைப் பார்!

கே: நர்சரியில் 'ஜப்பான் மேப்பிள்' என்று ஒரு கன்று கொடுத்தார்கள். விரல் விரித்த மாதிரி இலை. அசல்தானா?
– காப்பித் தோட்டக்காரர், பண்ணைக்காடு

ப: விரலை எண்ணாதீர்கள், கணுவைப் பாருங்கள். மேப்பிள் என்றால் ஒரு கணுவில் இரண்டு இலை, பந்தியில் உட்கார்ந்த சம்பந்திகள் மாதிரி எதிரெதிரே நிற்கும். மாறி மாறி ஒவ்வொன்றாக வந்தால் அது வேறு ஜாதி, லிக்விடம்பராக இருக்கலாம். ஓர் இலையைக் கசக்கி முகருங்கள். பிசின் வாசனை அடித்தால் சந்தேகமே வேண்டாம். வளர்ந்த மரமென்றால் காயே காட்டிக்கொடுத்துவிடும். லிக்விடம்பருக்கு முள் உருண்டை. மேப்பிளுக்கு இரட்டைச் சிறகு, சுற்றிக்கொண்டே கீழே இறங்கும். காஷ்மீர் டூயட்டில் நாயகி மிதித்து நடக்கும் சினார் இலையும் இந்தக் கணுப் பரீட்சையில் ஃபெயில்தான். செவ்வாமணக்கு கூடத் தூரத்துப் பார்வைக்கு ஏமாற்றும். அதைத் தொட்டியில் வைத்து ஐந்நூறு ரூபாய் கேட்டால் மட்டும் சண்டை போடுங்கள்.

கே: அசல்தான், பார்த்துவிட்டேன். இங்கே சிவக்குமா?
– அதே காப்பித் தோட்டக்காரர் (விட மாட்டார் போலிருக்கிறது)

ப: பிழைக்கலாம், சிவப்பது கஷ்டம். இந்த மரம் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டுக் குளிரில் தூங்கி எழ வேண்டும். 7 டிகிரிக்குக் கீழே வாரக்கணக்கில் குளிர் கேட்கும். உறைபனி விழுந்தால் காப்பி கருகிவிடும். உங்கள் காப்பி கருகாமல் காய்க்கிறதே, அதுதான் மேப்பிளுக்குக் கெட்ட சேதி! சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் ஜனவரி விடியலில் புல் வெளுத்துக் கிடக்கும். அங்கே வாய்ப்பு அதிகம். நீங்களோ பல நூறு மீட்டர் கீழே, ஆரஞ்சும் மலைவாழையும் விளையும் ஊரில் இருக்கிறீர்கள்.

ஆசை விடவில்லை என்றால் தொட்டியில் வையுங்கள். காலை வெயில் போதும், மதியத்துக்கு சில்வர் ஓக் நிழல். லேசான புளிப்பு மண், தண்ணீர் தேங்கக் கூடாது. இலை ஓரம் காய்ந்தால் உரமூட்டையைத் தேடி ஓடாதீர்கள். வெயிலும் காற்றும் செய்த வேலை அது. தொட்டியை இடம் மாற்றுங்கள்.

கே: ஆன்லைனில் நீல மேப்பிள் விதை விற்கிறார்களே, வாங்கலாமா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

ப: நீல மேப்பிள் போட்டோஷாப்பில் மட்டும் நன்றாக வளரும். அசல் மேப்பிள் விதையையே ஈர மணலில் கலந்து மூன்று மாதம் ஃபிரிட்ஜில் வைத்தால்தான் முளைக்கும். மாவுச் சட்டியை எங்கே நகர்த்துவது என்று அம்மாவிடம் முதலில் பேசி முடியுங்கள். முளைத்தாலும் தாயின் நிறம் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பேர் பெற்ற ரகங்களை ஒட்டுக்கட்டித்தான் பெருக்குகிறார்கள்.

கே: மகன் கனடாவிலிருந்து மேப்பிள் சிரப் அனுப்பினான். இங்கேயே மரம் வைத்து இறக்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தாண்டிக்குடி

ப: அது சுகர் மேப்பிள், சார். இரவில் உறைந்து பகலில் உருகினால்தான் சாறு ஓடும். சுமார் 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் தேறும். சீசனில் மலையிறங்கிப் போய்ப் பதநீர் குடியுங்கள்.

கே: மேப்பிளுக்கு நம்மூரில் சொந்தக்காரர்கள் உண்டா?
– விவசாயி, ஆயக்குடி

ப: தோசைக்கு அரைக்கும் முடக்கத்தானும், தலைக்குத் தேய்க்கும் பூந்திக்கொட்டையும் அதே குடும்பம்தான். இன்னொரு சொந்தம் பூவ மரம். கோடை தொடங்கும்போது துளிரெல்லாம் செக்கச்செவேலென்று வரும். தொட்டிக்கு அடங்காது, பெரிய மரம். ஆனால் குளிரும் கேட்காது, ஃபிரிட்ஜும் கேட்காது. மலையடிவாரத்தில் இருக்கும் நீங்கள், வேலியோரம் இடமிருந்தால் மேப்பிளை மறந்துவிட்டு ஒரு பூவம் நடுங்கள்.