கரித்துணி எய்தும் முறைமை

இவ்வாய்வின் எல்லை: மும்பை ஆண்டாப் ஹில்லில், மத்திய அரசு ஊழியர் குடியிருப்பின் இரண்டாம் மாடி வீடு ஒன்று, அதிலும் குறிப்பாகச் சமையலறை. கருவிகள்: நான்கு விழுதுச் சட்டம் கொண்ட மேசைத்தறி ஒன்று, அளவுநாடா ஒன்று, மூக்குக்கண்ணாடி இரண்டு. ஆய்வாளர்: சென்னிமலைப் பக்கத்துக்காரர், பணி ஓய்வு பெற்றவர், மகனின் குவார்ட்டர்ஸில் தங்கியிருப்பவர், வேறு வேலை இல்லாதவர். கடைசித் தகுதியைச் சேர்க்கச் சொன்னவர் ஆய்வாளரின் மனைவி.

சிக்கல் இதுதான். கரூர்த் தறியிலிருந்து இறங்கும் கிச்சன் டவல் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. அது பிறக்கும்போதே கிச்சன் டவல். அடுப்படிக்கென்றே நெய்து, அடுப்படிக்கென்றே விலைபோட்டு, அந்த ஊர் அடுப்படிக் கொக்கியில் போய்த் தொங்குகிறது. நம் பக்கத்தில் அடுப்படிக்கென்று புதுத்துணி வாங்கிய ஒருவரையும் ஆய்வாளர் இதுவரை சந்திக்கவில்லை. கரூரிலேயே சந்திக்கவில்லை. ஆனாலும் கரித்துணி இல்லாத அடுப்படி கிடையாது. வாங்காத பொருள் வீட்டுக்குள் எப்படி வந்தது?

விடை பதவி வரிசையில் இருக்கிறது. ஏழாவது ஊதியக் குழு மத்திய அரசு ஊழியரை 18 நிலைகளாக அடுக்கியது. அவர் குடியிருக்கும் வீட்டுக்கும் டைப் 1, டைப் 2 என்று வரிசை உண்டு. அதே கட்டடத்துக்குள் துணிகளும் வரிசைப்படிதான் வாழ்கின்றன. வேட்டி கல்யாணத்துக்குப் போகும், கறைபட்டால் வீட்டு வேட்டி, கிழிந்தால் நாலாக மடித்துப் பிடிதுணி, பிடிதுணி தீய்ந்தால் மேடை துடைக்கும் துணி, அப்புறம் தரை, அதற்கும் அப்புறம் மகனின் ஸ்கூட்டர். இதைப் பதவி இறக்கம் என்று சொல்வோர் உண்டு. ஆய்வாளர் மறுக்கிறார். கல்யாண வேட்டி வருஷத்துக்கு இரண்டு நாள் வேலை பார்க்கிறது. பிடிதுணியோ விடிகாலைப் பாலில் தொடங்கி ராத்திரி ரசம் வரை ஓய்வறியாது. அது எங்கே, எங்கே என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வீடே தேடுகிறது. பணியிலிருந்த காலத்தில் ஆய்வாளரை எவரும் அப்படித் தேடியதில்லை.

பெயராய்வுக்கு வருவோம். கரித்துணி, பிடிதுணி, கைப்பிடித் துணி என வழங்கும் பெயர்களில் முதலாவது விறகடுப்புக் காலத்தது. இந்த வீட்டில் குழாய் வழியே வருகிறது எரிவாயு, நீலச் சுடர், பாத்திரத்தின் அடியில் கரி என்பது பேருக்கும் இல்லை. பேரில் மட்டும்தான் இருக்கிறது. எதிர்வீட்டு மராத்தி அம்மையார் இதை ஃபட்கா என்கிறார். கீழ்வீட்டுக் குஜராத்திக் குடும்பம் மசோத்து என்கிறது. மூன்று வீட்டுக் கொடியிலும் தொங்குவதைப் பார்த்தால், எந்த நிறத்தில் தொடங்கியிருந்தாலும் எல்லாம் சாம்பலும் மஞ்சளும் கலந்த ஒரே நிறத்தில் வந்து முடிந்திருக்கின்றன. தேசிய ஒருமைப்பாட்டுக்கு இதைவிட நல்ல சான்று ஆய்வாளருக்கு அகப்படவில்லை.

அடுப்படிக்கென்றே வீட்டில் துண்டு நெய்து பார்க்க உரிமை உண்டா என்று அடுத்துச் சட்டம் பார்க்கப்பட்டது. (தறியைத் தூக்கிக்கொண்டு மாடியேறியபோது வாட்ச்மேன் இதைக் கேட்கவில்லை. ஹார்மோனியமா என்றுதான் கேட்டார்.) கைத்தறிக்கென ரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி என்பது அது தரும் விளக்கம். ஆக, சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்திருக்கும் இந்தக் குட்டித் தறிக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. முதலில் 22 ரகங்களை ஒதுக்கினார்கள். பிற்பாடு 11 ஆகக் குறைத்தார்கள். குறைத்தபோதும் துண்டு தப்பியது. கம்சாவும் அங்கவஸ்திரமும் கூட நிற்க, மூன்றும் ஒரே இனமாகப் பட்டியலில் இருக்கின்றன. சட்டத்தை எதிர்த்து வழக்கு நடந்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. தோளில் கிடக்கும் அங்கவஸ்திரத்தையும் முதுகு துடைக்கும் துண்டையும் ஒரே வரியில் உட்கார வைத்தவர்கள், இரண்டும் கடைசியில் போய்ச் சேரும் கரித்துணியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சட்டத்தில் அது ஓட்டை. கரித்துணியில் ஓட்டை இயல்பு.

இனி நெசவு. திட்டம், 50க்கு 70 சென்டிமீட்டரில் நான்கு துண்டு. நூல் 2/20, அதாவது 20ஆம் நம்பர் நூல் இரண்டை முறுக்கியது. ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் எத்தனை அடங்குமோ அதுதான் நம்பர். நாடு மீட்டருக்கும் கிலோவுக்கும் மாறி எத்தனையோ காலமாகிறது. நூலுக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை.

சென்டிமீட்டருக்கு 12 இழை வீதம் அகலத்துக்கு 600 இழை. ஓர மடிப்பு, தண்ணீர் பட்டால் வரும் சுருக்கம், தறியிலேயே வீணாகும் கடைசி முழம் எல்லாம் சேர்த்துப் பாவின் நீளம் 4 மீட்டர். ஊரில் பாவு ஓடத் தெருவே கிடக்கும். காலை வெயிலில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். போகிறவர் வருகிறவர் ஒதுங்கிப் போவார்கள். ஆண்டாப் ஹில் தெருவில் பெஸ்ட் பஸ் அப்படி ஒதுங்காது. ஆகவே பால்கனிக் கம்பிக்கும் சமையலறைத் தாழ்ப்பாளுக்கும் நடுவே பாவு ஓட்டப்பட்டது. 600 இழை, இழைக்கு 4 மீட்டர், பெருக்கினால் 2.4 கிலோமீட்டர். மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு நடந்துபோய் வெற்றிலை வாங்கும் தூரம், ஏறத்தாழ. அத்தனையையும் ஹாலுக்குள் நடந்து முடித்தும் ஆய்வாளருக்கு வெற்றிலை கிடைக்கவில்லை. மூன்று நாள் குடும்பம் குனிந்தே நடமாடியது. நெய்கிறவனுக்கு எதற்குக் குரங்குக் குட்டி என்ற பழமொழியின் முழுப்பொருள், பேத்திக்குப் பள்ளி விடுமுறை விட்ட அன்றே விளங்கியது.

அடுத்து, 600 இழையையும் ஒவ்வொன்றாக விழுதின் கண்ணில் கோத்து, பிறகு அச்சின் பல்லிலும் கோக்க வேண்டும். 1,200 தடவை ஊசியில் நூல் கோப்பதற்குச் சமம். இரண்டு மூக்குக்கண்ணாடி எதற்கு என்று முதல் பத்தியில் ஐயுற்றவர்களுக்கு இதுவே பதில். 347ஆம் இழை தப்பான கண்ணில் புகுந்திருந்தது. கண்டுபிடித்தது 600ஆம் இழையைக் கோத்தபோது. பிரிக்க மனம் வரவில்லை. நான்கு துண்டிலும் அந்தப் பிழை ஒரு மெல்லிய கோடாக, தலைமுதல் கால்வரை ஓடுகிறது. பாவில் விழுந்த தப்பை ஊடை திருத்தாது.

குழித்தறியில் கால் மிதிக்கும், கை கயிற்றை இழுக்கும், நாடா பறக்கும். மேசைத்தறியில் காலுக்கு வேலை கிடையாது; எல்லாம் கைதான். ஜான் கே 1733இல் செய்த விசைநாடா இதில் இல்லை என்பதால், ஆய்வாளர் அந்த ஒரு மாதமும் 1732இல் வாழ்ந்தார் என்று கொள்க. சென்னிமலையில் வீதியில் நடந்தால் வீட்டுக்கு வீடு டக்கட டக்கட என்று கேட்கும். ஆய்வாளரின் தறி ‘டக்’ என்றது, கொஞ்சம் யோசித்தது, பிறகு ‘கட’ என்றது. செலவான நூல் பாவும் ஊடையுமாகக் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

இதை மும்பையில் உட்கார்ந்து எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 1854இல் பஞ்சாலைக் கம்பெனி தொடங்கிவிட்ட நகரம் இது. வடாலாவைத் தாண்டினால் நாய்காவில் பாம்பே டையிங்கின் ஸ்பிரிங் மில் இருந்தது. துவாலைக்கே பேர்போன கம்பெனி. 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன் பிறகு பல ஆலைகளுக்குப் பழைய மூச்சு திரும்பவே இல்லை. சங்கு ஊதிய இடங்களில் இன்று கோபுரக் குடியிருப்புகள். அப்பேர்ப்பட்ட நகரில் மறுபடி ஒரு தறி ஓடுகிறது என்று ஆய்வாளர் சாப்பாட்டு வேளையில் அறிவித்தார். பிவண்டியில் லட்சக்கணக்கில் ஓடுகிறது, மேசையைக் காலி பண்ணுங்கள் என்றான் மகன்.

நான்கு துண்டும் ஆனி மாதக் கடைசியில் மனைவியிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டன.

“இத்தன அழகா இருக்குதுங்க. இதுல போயி எப்படிங்க சட்டி புடிக்கறது?”

ஒன்று மிக்ஸிக்குப் போர்வையானது. ஒன்று குத்துவிளக்குக்கு அடியில் போனது. ஒன்று டிவியின் பக்கத்திலிருக்கும் பெட்டிமேல். நான்காவது, யாராச்சும் வந்தால் கொடுக்கலாம் என்ற இனத்தில் பீரோவுக்குள். அடுப்படியில் வழக்கம்போல் ஆய்வாளரின் பணி ஓய்வு விழா வேட்டி, அதன் ஒரு கால்பகுதி, பணியில் இருந்தது.

இதை வெறும் பிடிவாதம் என்று ஆய்வாளர் முதலில் பதிந்தார். அடித்துத் திருத்த நேர்ந்தது. தறியிலிருந்து இறங்கிய பருத்தி தண்ணீர் குடிக்காது. இழையின்மேல் பிறவி மெழுகு, நூலில் கஞ்சி. ஒரு சொட்டு விட்டால் முத்தாக உருண்டு நம்மையே பார்க்கும். சோப்பும் வெந்நீரும் பலமுறை கண்டு மெழுகு கழன்றால்தான் இழைகளின் சந்துக்குள் நீர் தானாக ஏறும். பருத்திக்கு நனைந்தால் வலு கூடும். எத்தனை அடித்துத் துவைத்தாலும் தாங்கும். பழைய வேட்டி இந்தத் தேர்வையெல்லாம் எழுதித் தேறி வந்தது. சூட்டைத் தடுப்பதில் துணியைவிட அதன் மடிப்புகளில் சிக்கிய காற்றுக்கே பங்கு அதிகம். ஈரத்துணியில் அந்தக் காற்றின் இடத்தில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் சூட்டைக் கடத்தும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் எந்தத் துணியும் முழுசாகக் காய்வதில்லை. ஆகஸ்டில் ஒரு நாள், ஈரப் பிடிதுணியால் சாம்பார்க் குண்டானை இறக்கப்போய், ஆய்வாளர் இந்த உண்மையை இடது கையின் மூன்று விரல்களால் சரிபார்த்தார்.

தீபாவளிக்குப் பீரோவைத் திறந்தபோது நான்காவது துண்டைக் காணவில்லை. அடுப்படிக் கொக்கியில் மஞ்சளேறிய ஒரு துணி தொங்கியது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால், 347ஆம் இழையின் கோடு. விசாரித்ததில் தெரிந்தது: ஆடி பிறந்ததிலிருந்து தன் பழைய சேலைகளோடு போட்டு வெந்நீரில் துவைத்துத் துவைத்து, புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதுபோல் மனைவி அதைப் பழக்கியிருக்கிறார்.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா அதையும் அளந்து எழுத ஒக்காந்துக்குவீங்க.”

ஓரத்தில் தீய்ந்த துளை ஒன்று இருந்தது. விட்டம் 4 மில்லிமீட்டர்.