பதினெட்டு நடை, ஒரு கட்டைவிரல்

ஸ்ரீரங்கத்தில் பெருமாள் திருக்கண் விழிப்பதற்கு முன்பே எழுந்துவிடுகிறவர்கள் இருவர். ஒருவர் கோயில் யானை. அதற்கு விஸ்வரூப சேவைக்கு வந்து நிற்கிற வேலை இருக்கிறது. இன்னொருவர் எங்கள் வாட்ஸ்அப் குழுவின் அட்மின். அவரை எழுந்துவிட்டார் என்று சொல்வதுகூடத் தப்பு. அவர் இருப்பது நியூஜெர்சியில். நமக்கு விடிகாலை நாலு மணி என்றால் அவருக்கு முந்தின நாள் சாயங்காலம். ஆபீஸ் விட்டு வந்து சோபாவில் சாய்ந்து, ஒரு கையில் காபியும் மறு கையில் சம்பிரதாயமுமாக உட்காருகிற நேரம்.

குழுவின் பெயரில் ரங்கனும் உண்டு, கைங்கர்யமும் உண்டு. முழுப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உத்தர வீதியில் நாலு குழுக்காரர்கள், சித்திரை வீதியில் ஏழு குழுக்காரர்கள் ‘எங்களையா சொல்கிறாய்’ என்று வேட்டியை மடித்துக்கொண்டு வருவார்கள். அட்மினின் கையெழுத்து மாறாது: அடியேன் ராமானுஜ தாசன். மேலே பத்து ரோஜாப்பூ, கீழே இருபது கைகூப்பு. விஷம் நடுவில்.

ஆரம்பத்தில் விஷம் இல்லை, அசட்டுத்தனம்தான். திருநள்ளாறுக்கு மேலே வந்ததும் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்று போகின்றன, நாசா திகைப்பு. சிதம்பரம் பூமியின் காந்த மையம், விஞ்ஞானிகள் திகைப்பு. உடையவர் ராமானுஜரின் திருமேனியில் இன்றும் நகம் வளர்கிறது, அமெரிக்க டாக்டர்கள் திகைப்பு. இந்தக் குழுவில் ஒரு தெய்வம் தெய்வமாக வேண்டுமானால் எங்கேயாவது ஒரு வெள்ளைக்காரன் திகைத்தாக வேண்டும். வேதம் போதாது, பிரபந்தம் போதாது, நாசாவின் அட்டெஸ்டேஷன் வேண்டும். ராமானுஜரின் திருமேனிகளில் திருநாராயணபுரத்தில் இருப்பது தமர் உகந்தது, ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது தான் உகந்தது, இங்கே இருப்பது தான் ஆனது என்று நம் முன்னோர் மூன்றே சொற்களில் பேதம் சொல்லி வைத்தார்கள். ‘தான் ஆனது’ என்ற சொல்லுக்குள் எத்தனை அன்பு! அதை எகிப்து மம்மியோடு பக்கத்தில் வைத்துப் படம் போட்டு, ‘நம்முடையதுதான் சீனியர் டெக்னாலஜி’ என்று எழுதுகிறவனுக்கு எந்த மருத்துவர் நகம் பார்ப்பது?

2017-ல் யுனெஸ்கோ நம் கோயிலுக்கு ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான பாரம்பரியப் பாதுகாப்பு விருது ஒன்றைத் தந்தது. பழைய கட்டடத்தைப் பழைய முறையிலேயே சிரத்தையாகப் புதுப்பித்ததற்கான பாராட்டு. வியர்வை சிந்தினவர்கள் ஸ்தபதிகளும் கொத்தனார்களும். குழுவில் வந்த செய்தி: உலகின் தலைசிறந்த மதம் இந்து மதம், யுனெஸ்கோ அறிவிப்பு. கொத்தனாரைக் காணோம்.

போன வருஷத்திலிருந்து இயந்திரம் வரைந்த படங்கள் வருகின்றன. அரங்கன் படம் என்று ஒன்று வந்தது. நாலு கை, ஆறு பொதி தசை, சினிமா வில்லன் மாதிரி முறைப்பு. மூலவர் பெரிய பெருமாளுக்குத் திருக்கைகள் இரண்டுதானே என்று ஒரு கிழவர் தயங்கித் தயங்கி எழுதினார். அவர் ஐம்பது வருஷமாகத் தினமும் சேவிக்கிறவர். ‘பவர்ஃபுல்லாக இருக்கிறது, விடுங்கள் மாமா’ என்று பதில் வந்தது. தெற்கே பார்த்து, காவிரிச் சத்தத்தில் நிம்மதியாகப் படுத்திருக்கிறவரை ஜிம்முக்கு அனுப்பினால்தான் இவர்களுக்குப் பக்தி வருகிறது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. அதற்கு அடியில் எப்போதும் ஒரு வரி இருக்கும்: ‘இதை உடனே 18 பேருக்கு அனுப்பவும். அனுப்பினால் இரவுக்குள் நல்ல செய்தி. அலட்சியம் செய்தவர் வீட்டில் அசுபம்.’

பதினெட்டு! இந்த எண்ணை இவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரியும். திருக்கோட்டியூர் இங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஒரே ஒரு மந்திரத்தின் பொருளுக்காக ராமானுஜர் அந்தத் தூரத்தைப் பதினெட்டு நடை நடந்தார் என்கிறது குருபரம்பரை. பதினேழு தடவை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார் திருக்கோட்டியூர் நம்பி. பதினெட்டாவது தடவை பொருள் கிடைத்தது, கூடவே நிபந்தனையும்: வெளியே சொன்னால் உனக்கு நரகம். உடையவர் கோபுரத்தில் ஏறி ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார். தனக்கு நரகம், கேட்டவர்களுக்கெல்லாம் வீடுபேறு என்பது அவர் போட்ட கணக்கு. அவர் பகிர்ந்தபோது நரகத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவருடைய தாசன் என்று கையெழுத்துப் போடுகிறவர், பகிராதவன் தலையில் போடுகிறார். நடந்த கால் அவருடையது. இவருக்கு வலிப்பது கட்டைவிரல்.

அந்தக் கட்டைவிரல் சும்மா இருப்பதில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பத்தைக் குழந்தை கடத்துகிறவர்கள் என்று சொல்லி ஊர் சூழ்ந்துகொண்டது. அந்தக் கும்பல் அடித்ததில் ஒரு மூதாட்டி செத்துப்போனார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர்கள் செய்த குற்றம். புரளி வந்த வழி வாட்ஸ்அப். நாடெங்கும் இப்படிப் பல கொலைகள் விழுந்த பிறகு அந்தக் கம்பெனியே பயந்து, ஒரு செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் தள்ள முடியாதபடி இந்தியாவில் பூட்டுப் போட்டது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னொரு பூட்டு. நம் அட்மின் அதை எப்படி அறிவித்தார் தெரியுமா? ‘தர்மப் பிரசாரத்தின் மேல் தாக்குதல்.’ சாமி கும்பிடப் போன கிழவி செத்தது தர்மத்தின் மேல் தாக்குதலாக அவருக்குத் தெரியவில்லை, ஃபார்வர்டு நின்றதுதான் தெரிந்தது.

பொருள் சொல்வது இந்த ஊருக்குப் புதிதில்லை. ஊரின் தொழிலே அதுதான். திருவாய்மொழிக்கு முதலில் ஆறாயிரப்படி. திருக்குருகைப்பிரான் பிள்ளான் எழுதியது, அதுவும் ராமானுஜரின் நியமனம் பெற்று. பிறகு நஞ்சீயரின் ஒன்பதினாயிரம், பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்து நாலாயிரம், நம்பிள்ளை சொல்ல வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரம், வாதிகேசரி அழகிய மணவாள ஜீயரின் பன்னீராயிரம். படி என்றால் முப்பத்திரண்டு எழுத்து. அத்தனை எழுத்தையும் எண்ணி வைத்த ஊர் இது. ஏன் எண்ணினார்கள்? நடுவில் எவனாவது ஒரு எழுத்தைக் கூட்டினால் குறைத்தால் தெரிய வேண்டும் என்றுதானே!

நஞ்சீயர் தம் வியாக்கியானத்தைப் படியெடுக்க ஏட்டுக்கட்டைக் கொடுத்தபோது, நம்பிள்ளை அதைத் தலையில் கட்டிக்கொண்டு காவிரியை நீந்தினார். வெள்ளம் ஏட்டை அடித்துக்கொண்டு போய்விட்டது. கேட்டதை நினைவில் வைத்து முழுவதையும் திரும்ப எழுதிக் கொடுத்தார். சில இடங்களில் தாம் எழுதியதைவிட நயமாக இருப்பதைப் பார்த்த நஞ்சீயர் என்ன ஆயிற்று என்று கேட்க, ஆறு கொண்டுபோனதை மறைக்காமல் சொன்னார் சிஷ்யர். ஒரு ஏடு தொலைந்தது, ஒருவர் பொறுப்பேற்றார். இன்று என்ன வருகிறது? தலைப்பில் ‘படித்ததில் பிடித்தது’. யார் எழுதியது, யார் வெட்டியது, யார் ஒட்டியது என்று கேட்டால் ‘எனக்கு வந்தது, அனுப்பினேன்’. தெருக்குப்பை லாரிக்காவது பின்னால் நம்பர் இருக்கிறது.

வடக்குத் திருவீதிப் பிள்ளை கதை இன்னும் கடுமை. பகலில் ஆசாரியர் சொன்னதையெல்லாம் இரவில் ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தார். தெரிந்ததும், நம்மைக் கேட்காமல் எழுதலாமா என்று நம்பிள்ளை ஏட்டை வாங்கிக்கொண்டுவிட்டார். அது ஈயுண்ணி மாதவப் பெருமாள் கைக்குப் போய், தலைமுறை தலைமுறையாக ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மட்டுமே வந்து, கடைசியில் மணவாள மாமுனிகளால் உற்சவர் நம்பெருமாள் முன்னிலையில், ஒரு வருஷம் ஊரறியச் சொல்லப்பட்டது. உள்ளதை உள்ளபடி எழுதினவருக்கே அந்தக் கண்டிப்பு. இல்லாததை எழுதுகிறவன் இங்கே குழுவில் ‘ஸ்வாமி’.

இனி சிரிக்க முடியாத பகுதி.

உறங்காவில்லி தாசர் உறையூர் மல்லர். பிராமணர் இல்லை. காவிரிக்குப் போகும்போது பிராமணச் சீடர் முதலியாண்டானின் கையைப் பிடித்துக்கொண்டு போகும் ராமானுஜர், குளித்துக் கரையேறும்போது உறங்காவில்லி தாசரின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்புவாராம். அழுக்கு போனபின் தொட வேண்டிய கை எது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் குழுவில் சேர ஒரு படிவம் உண்டு. பெயர், நட்சத்திரம், கோத்திரம், கலை. உறங்காவில்லி தாசர் விண்ணப்பித்திருந்தால் மூன்றாவது கட்டத்தில் நின்றிருப்பார். ராஜகோபுரத்துக்கு எதிரே இருக்கிற பெரியார் சிலையைத் திட்டி மாதம் பத்து செய்தி வருகிறது. உள்ளே இருக்கிற சன்னியாசி ஆற்றங்கரையில் செய்து காட்டியதை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. (கடல் தாண்டினால் ஆசாரம் கெடும் என்று ஒரு நீண்ட செய்தியும் வந்தது. அனுப்பினது நியூஜெர்சியிலிருந்து.)

பிறகு 1323 வந்தது. குழுவில் அது மாதாமாதம் வரும். டில்லியிலிருந்து வந்த உலுக் கானின் படை, வெட்டுண்ட வைணவர்கள், மேடாகக் கிடந்த தலைகள். நடந்த கொடுமை நடந்ததுதான். கோயிலின் வரலாற்று ஏடான கோயிலொழுகு அழுதுகொண்டே எழுதியிருக்கிறது. நம்பெருமாள் ஊரை விட்டுப் போய் 1371-ல்தான் திரும்பினார். தள்ளாத வயதில் அவரை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு போன பிள்ளை லோகாசாரியர் வழியிலேயே, ஜ்யோதிஷ்குடியில், திருநாடு அலங்கரித்தார். அதே ரணகளத்தில் வேதாந்த தேசிகர், சுதர்சன சூரியின் இரண்டு பிள்ளைகளையும் அவருடைய ச்ருதப்ரகாசிகை வியாக்கியான ஏட்டையும் காப்பாற்ற, பிணங்களுக்கு நடுவே பிணமாகக் கிடந்தார் என்பார்கள். கத்திக்கு அடியில் இந்த ஊர்க்காரர்கள் எதை இழுத்து மார்பில் அணைத்துக்கொண்டார்கள்? ஒரு விக்கிரகத்தை, இரண்டு குழந்தைகளை, ஒரு வியாக்கியானத்தை. எழுநூறு வருஷம் கழித்து வந்த வாரிசுகள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ரத்தத்தை மட்டும். ஏடு கனம், ரத்தம் சுலபமாக ஃபார்வர்டு ஆகிறது.

அந்தச் செய்தியின் கடைசி வரி, ‘ஆகவே அவர்கள் கடையில் பூ வாங்காதீர்கள்.’

ஆகவே! அந்த ‘ஆகவே’யைப் பார்த்ததும் எனக்கு உடம்பு பதறியது. ஈட்டில் ஒரு ‘ஆகவே’ வருவதற்கு முன்னால் சிஷ்யர்கள் எத்தனை கேள்வி கேட்டிருப்பார்கள்! எனக்கும் ஒரு கேள்வி வந்தது. தட்டச்சு செய்தேன்: ‘காலையில் பெருமாள் ரொட்டி அமுது செய்கிறாரே, அது யாருக்காக, ஸ்வாமி?’

ஊரில் குழந்தைக்கும் தெரியும். அர்ஜுன மண்டபத்து மூலையில் சித்திரமாக நிற்கிற துலுக்க நாச்சியாருக்காக. டில்லியிலிருந்து அரங்கனைத் தேடி ஓடிவந்த சுல்தான் மகள் என்கிறது ஊர்க் கதை. சரித்திரமா புராணமா என்று பட்டிமன்றம் வேண்டாம். படையெடுப்பில் பாதி ஊரைப் பறிகொடுத்தவர்கள், அந்தப் படையெடுத்தவன் வீட்டுப் பெண்ணுக்குப் பெருமாள் பக்கத்தில் இடம் கொடுத்து, அவள் ஊர்ச் சாப்பாட்டைத் தளிகையில் சேர்த்துக்கொண்டார்கள். இதைவிடத் துணிச்சலான வியாக்கியானம் எந்தப் படியில் இருக்கிறது? ரொட்டியை ஏற்றுக்கொண்ட பெருமாளுக்கு எந்தக் கடைப் பூ ஆகாது என்று முடிவு செய்ய, நியூஜெர்சியின் எடிசன் நகரத்திலிருந்து ஒருவர்.

பதில்கள் நாலு நிமிஷத்தில் வந்தன. ‘இவன் எந்த அகத்துப் பிள்ளை?’ ‘அப்பா பெயர் என்ன?’ ‘டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கணும்.’ எழுதினவர்களில் இருவர் ஸ்ரீவசனபூஷணம் காலக்ஷேபம் கேட்டவர்கள். அடியாரின் பிறப்பைத் துருவுகிறவன் பெற்ற தாயையே சோதிக்கத் துணிந்தவனுக்குச் சமம் என்று அதில்தான் பிள்ளை லோகாசாரியர் சொல்லியிருக்கிறார். காலக்ஷேபத்தில் இவர்கள் கேட்டது எதுவோ! தயிர்சாதம் எப்போது என்பதாக இருக்கலாம்.

ஐந்தாவது நிமிஷம் என்னை நீக்கினார்கள். அதோடு குழுவில் இனி அட்மின் மட்டுமே பேசலாம் என்று மாற்றிவிட்டதாக அந்தக் கிழவர், இரண்டு கை மாமா, போன் செய்து சொன்னார். ‘இப்போ ரொம்ப அமைதியா இருக்குடா’ என்றார். அவர் குரலில் இருந்தது நிம்மதி இல்லை.

கந்தாடை தோழப்பர் என்று ஒருவர் இருந்தார். முதலியாண்டான் வம்சம். நம்பிள்ளையின் கோஷ்டியில் கூட்டம் நெரிவதைப் பொறுக்காமல், சன்னிதியில் பலர் எதிரே அவரை வைதுவிட்டார். வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்ட கேள்வியில் வெட்கிப்போய், மன்னிப்புக் கேட்கலாம் என்று இரவில் கதவைத் திறந்தால், வாசலில் நம்பிள்ளை கிடக்கிறார். தேவரீர் கோபிக்கும்படி நடந்துகொண்டேனே என்று அவர் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார். அன்றைக்குத் தோழப்பர் வாயால் வந்த பெயர்தான் லோகாசாரியர். வைதவன் வாசலில், வையப்பட்டவர்.

கதைப்படி நான்தான் போக வேண்டும். யோசித்தேன். நியூஜெர்சியில் திண்ணை கிடையாது. வாசலில் படுத்தால் போலீஸ் வரும். விசாவுக்கே வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதெல்லாம் சாக்கு. நான் நம்பிள்ளை இல்லை, எனக்குக் கோபம் ஆறவில்லை.

மறுநாள் விடிகாலையில் வாசற்கதவைத் திறந்தேன். திண்ணையில் இரண்டு ஆவின் பாக்கெட். யானை மணிச் சத்தம் தெரு முனையில் கேட்டது. கையில் போன் அதிர்ந்தது. அட்மின், தனிச் செய்தியில்: ‘அடியேன். நேற்று நடந்ததை மனதில் வைக்க வேண்டாம். வைகுண்ட ஏகாதசிக்கு வருகிறோம், குடும்பமாக ஆறு பேர். பரமபத வாசல் பாஸ் யாரிடம் கேட்டால் கிடைக்கும்?’

பூ வாங்கிக்கொண்டு வந்து பதில் எழுதலாம் என்று கிளம்பினேன்.