புரோநோட்டுக்கு மூணு வருஷம், காலுக்கு ஆறு மாசம்

அனுப்புநர்: நான்குவழிச்சாலையில் அடிபட்ட கால்கள், கோவில்பட்டி வட்டாரம்.

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலை அமைச்சகம், புதுடெல்லி.

பொருள்: விபத்து இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு வைத்தமைக்கு நன்றி நவிலல் தொடர்பாக.

பார்வை: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 166, உட்பிரிவு 3.

ஐயா,

கரிசல் சீமைக்குக் கெடு புதிதல்ல. புரட்டாசி ஈரத்தைத் தவறவிட்டவன் உளுந்தும் பாசியும் எடுத்ததில்லை. மேகத்திடம் வாய்தா கேட்க முடியாது என்பது இங்கே கைப்பிள்ளைக்கும் தெரியும்.

கோர்ட்டுக் கெடுவும் தெரியும். புரோநோட்டுக்கு மூன்று ஆண்டு. அது முடியுமுன் நோட்டின் பின்பக்கம் ஐந்து ரூபாய் வரவெழுதிக் கடன்காரரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் இன்னொரு மூன்று. வரப்பைத் தள்ளி உழுது நிலத்தைப் பிடித்துக்கொண்டவர் மீது வழக்குப் போட 12 ஆண்டு. இதே அரசாங்கம் யார் மீதாவது வழக்குப் போட நினைத்தால், 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 112ஆம் இனம் அதற்கு 30 ஆண்டு தருகிறது. பெரிய இடம், யோசித்துத்தானே செய்ய வேண்டும்! லாரி ஏறிய காலுக்கு மட்டும் ஆறு மாதம்.

இந்தக் கெடு 1988 சட்டத்திலும் இருந்தது. ஆனால், தக்க காரணம் சொன்னால் 12 மாதம் வரை மனுவை வாங்கலாம் என்று ஒரு திண்ணையும் கூடவே இருந்தது. 1994 நவம்பர் 14 முதல் கெடுவையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் நடந்த விபத்துக்குத் தாமதமாக வந்த மனுவுக்கும் அந்தச் சலுகை உண்டு என்று 1996இல் தன்னாலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏறத்தாழ 27 ஆண்டு இப்படியே ஓடியது. பிறகு 2019 திருத்தம் வந்து, 2022 ஏப்ரல் 1 முதல் கெடு திரும்பிவிட்டது. திண்ணை திரும்பவில்லை.

அந்த ஆறு மாதம் எப்படிக் கழிகிறது என்று அமைச்சகம் அறிய விரும்பலாம். சாத்தூருக்கும் கயத்தாறுக்கும் நடுவே பைக்கின் பின்னால் உட்கார்ந்து தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. அடுத்தது மாவுக்கட்டு. எஃப்.ஐ.ஆர். நகலுக்கு ஒரு நடை, காயச் சான்றுக்கு ஒரு நடை; நடக்கக் கால் இல்லாததால் புருஷனுக்கு அன்றைய கூலி போயிற்று. ஊனம் எத்தனை சதவீதம் என்று கேட்டால், "எலும்பு கூடட்டும்மா" என்கிறார் டாக்டர். இழப்பீட்டுக் கணக்கோ அந்தச் சதவீதத்தில்தான் நிற்கிறது. எலும்பு இன்னும் சட்டத்திருத்தத்தைப் படிக்கவில்லை.

இதே பெண்ணின் கை அதே தீப்பெட்டி ஆபீசில் வெந்திருந்தால், 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும் இடத்தில் இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. தாமதத்துக்குக் காரணம் சொல்லவும் வழியுண்டு. ஆகையால் அடிபட விரும்புவோர் வேலைக்கு வந்து சேர்ந்தபின் அடிபடுமாறு தாங்கள் ஒரு சுற்றறிக்கை விடலாம்.

போலீசார் மூன்று மாதத்துக்குள் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், அந்த அறிக்கையையே மனுவாகக் கொள்ள வேண்டும் என்றும் தங்கள் சட்டம் சொல்கிறது. அருமையான ஏற்பாடு, குறை சொல்லக் கூடாது. அதை ஒழுங்காக நடத்தச் சொல்லி 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அறிக்கை எழுத அரசுக்கே நினைவூட்டல் தேவைப்படுகிறது. நாட்களை எண்ணும் வேலை மட்டும் கட்டிலில் கிடப்பவளுக்கு.

2025 நவம்பரில் அதே நீதிமன்றம், கெடு தாண்டியது என்பதற்காக மட்டும் மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று தீர்ப்பாயங்களுக்கு இடைக்கால உத்தரவிட்டது. இடைக்காலம் என்றால் எவ்வளவு காலம் என்று கால்கள் கேட்கின்றன.

ஆகவே, கனம் ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, ஆறு மாதத்தை மாவுக்கட்டு பிரித்த நாளிலிருந்தாவது எண்ணும்படியும், அது முடியாதெனில் அரசின் 30 ஆண்டையும் ஆறு மாதமாக்கி ஒரே ஒரு வருஷம் நடத்திப் பார்க்கும்படியும் வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
வலது கால்
(இடது கால் வர இயலாததால்)

இணைப்பு: ஊன்றுகோல் 2.