எண்ட் டாஸ்க் மாமா

லிஃப்ட் ஓடாத அபார்ட்மென்ட் உண்டு, தண்ணீர் ஏறாத அபார்ட்மென்ட் உண்டு, எண்ட் டாஸ்க் மாமா இல்லாத அபார்ட்மென்ட் கிடையாது. கதவில் பித்தளைப் பலகையில் வேறு ஏதோ பெயர் பொறித்திருக்கும். அதற்குக் கீழே 'வங்கி அதிகாரி (ஓய்வு)' என்றும் இருக்கும். ஆனால் பிள்ளைகள் வைத்த பெயர்தான் நிலைத்தது.

அடுத்தவர் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வது இவருடைய ஓய்வுக்காலத் தொழில். கட்டணம் ஒரு டம்ளர் காபி. "என்னமோ கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு அங்கிள்" என்று லிஃப்டில் வாய்தவறிச் சொன்னால் போதும். நீங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

உட்கார்ந்ததும் முதல் காரியமாக மவுஸை ஓரமாகத் தள்ளி வைப்பார். வலது கை காபிக்கு. இடது கையின் சுண்டுவிரல் கண்ட்ரோலிலும் மோதிர விரல் ஷிஃப்டிலும் நிற்க, நடுவிரல் எட்டிப்போய் எஸ்கேப்பைத் தட்டும். டாஸ்க் மேனேஜர் திறந்துகொள்ளும். கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அழுத்திவிட்டு நீலத் திரையில் வழி தேடுகிறவர்களை அவர் படித்தவர்களாகவே எண்ணுவதில்லை.

"இதை எழுதினது யாரு தெரியுமா? டேவ் பிளம்மர். மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர். வீட்ல உட்கார்ந்து, சொந்த நேரத்துல எழுதி, அப்புறம் கம்பெனிக்குக் கொடுத்தாரு. 1996ல விண்டோஸ் என்.டி. 4.0ல வந்துச்சு." இந்தத் தலபுராணம் முடியாமல் வேலை தொடங்காது.

அடுத்தது குறுக்கு விசாரணை. மூன்றாவது மாடியில், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பையனிடம் நடந்தது இது.

"டீம்ஸை எப்ப மூடினே தம்பி?"

"நேத்து ராத்திரியே மூடிட்டேன் அங்கிள்."

"எப்படி மூடினே?"

"மேல இன்ட்டு மார்க்கைத் தட்டினேன்."

மாமா பதில் சொல்லவில்லை. திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன அம்புக்குறியைத் தட்டினார். உள்ளே டீம்ஸ் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. "மூடினே?" என்று மறுபடியும் கேட்டார். பையன் தலைகுனிந்தான். டாஸ்க் மேனேஜர் பட்டியலில் அதே பெயரை விரித்துக் காட்டினார். வரிசையாக ஏழெட்டு உருப்படிகள் இறங்கின. "உள்ளுக்குள்ள ஒரு பிரவுசரையே தூக்கிட்டு வர்றான். ஒரு ஆளுக்குன்னு வாடகைக்கு விட்டா குடும்பத்தோட வந்து தங்கியிருக்கான் பாரு!"

மாமாவின் கோபத்தில் நியாயம் உண்டு. அவர் வேலை பார்த்த காலத்தில் மூடுவதென்றால் மூடுவதுதான். கேஷ் டேலி ஆகவில்லை என்றால் பத்து ரூபாய் வித்தியாசத்துக்கும் ஒருத்தரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. ஸ்ட்ராங் ரூமுக்கு ரெண்டு சாவி, ஆளுக்கு ஒன்று. அப்படிப் பூட்டிவிட்டு, பூட்டை ஒரு தரம் இழுத்தும் பார்த்துவிட்டு வந்த மனிதரிடம், இன்ட்டு மார்க் ஜன்னலை மட்டும்தான் சாத்தும், உள்ளே இருக்கிறவன் விழித்துக்கொண்டே இருப்பான் என்றால் எப்படித் தாங்குவார்? "விழிச்சிருந்தாத்தானே அங்கிள் மெசேஜ் வந்தா சொல்லும்" என்றான் பையன். "வந்த மெசேஜ் எங்கே போயிடப்போகுது? தபால் வந்தா காலையில பார்க்கிறதில்லையா?" என்றார்.

மாமாவை அரைகுறை என்று சொல்லிவிட முடியாது. 'எண்ட் டாஸ்க்' கொடுத்து ஓடுகிற ஆப்பை நிறுத்தினால் அது அன்றைய பொழுதுக்குத்தான். மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரும்ப வந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஸ்டார்ட்-அப் ஆப்ஸ் பக்கத்துக்குப் போய், தாக்கம் 'ஹை' என்று போட்டிருப்பதை எல்லாம் 'டிசேபிள்' செய்வார். பிறகு ஆப்பின் சொந்த செட்டிங்ஸில் நுழைந்து, தானாகத் தொடங்கும் டிக்கை எடுப்பார். விண்டோஸ் 11 என்றால், ஸ்டோரிலிருந்து இறங்கிய ஆப்களுக்குப் பின்னணியில் ஓடும் அனுமதியையும் 'நெவர்' என்று மாற்றுவார். அப்டேட் வந்த மறுநாள் வீடு தேடி வந்து, எடுத்த டிக் எடுத்தபடியே இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுப் போவார்.

சேதாரம் இல்லாமல் இல்லை. பையனின் டீம்ஸை 'க்விட்' செய்த பத்தாவது நிமிடத்தில், "ஏன் ஆஃப்லைன்ல இருக்கே?" என்று மேனேஜர் போனில் வந்துவிட்டார். முதல் மாடி டீச்சர் வீட்டில் உற்சாகம் மிகுந்து டீடெய்ல்ஸ் பக்கத்துக்குள் இறங்கி, 'எக்ஸ்ப்ளோரர்.இஎக்ஸ்இ' என்பதையும் முடித்து வைத்தார். டாஸ்க்பார், ஐகான், அம்புக்குறி எல்லாம் மறைந்து, மலைப்படம் மட்டும் மிஞ்சியது. டீச்சர் அலறினார். மாமா அசரவில்லை. "இப்ப எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க" என்றார்.

அவருடைய பரம எதிரி ஸ்கைப். அமெரிக்காவில் இருக்கும் மகளோடு பேச வேண்டும் என்று மாமிதான் போடச்சொன்னது. பேசி முடித்ததும் மாமா அதை விரட்டுவார், அது திரும்ப வரும், பல வருஷப் பகை. 2011இல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலர் கொடுத்து வாங்கிய அதே ஸ்கைப்பை, 2025 மே 5ஆம் தேதி மைக்ரோசாஃப்டே மூடிவிட்டது. அன்று மாமா வீட்டில் பால்பாயசம். "பார்த்தியா, கடைசியில அவங்களே எண்ட் டாஸ்க் கொடுத்துட்டாங்க!" மாமி பாயசத்தைக் குடித்துவிட்டு, "என்னங்க, பொண்ணு இனிமே டீம்ஸ்ல வரச்சொல்றா" என்றாள்.

கைபேசியிலும் இதே சட்டம்தான். வாட்ஸ்அப் காலை 10 மணிக்குத் திறக்கும். மாலை 4 மணிக்கு 'ஃபோர்ஸ் ஸ்டாப்'. அவசரம் என்றால் போன் பண்ணட்டும் என்பது கொள்கை.

இந்த வேலை நேரம் எல்லோருக்கும் மனப்பாடம். அதனால்தான் அசோசியேஷன் குரூப்பில் அந்தச் செய்தி சரியாக 4.15க்கு வந்தது: 'புதிய செயலாளராக நான்காம் மாடி சாரை முன்மொழிகிறேன். ஆட்சேபணை இருப்பவர்கள் இரவு 9 மணிக்குள் தெரிவிக்கவும்.' நான்காம் மாடி சார் வேறு யார், மாமாதான். வழக்கமாக லிஃப்ட் ரிப்பேருக்குப் பணம் கேட்டால்கூட வாய் திறக்காத குரூப்பில், அன்று ஐந்து நிமிடத்தில் கட்டைவிரல்கள் குவிந்தன. பையனின் விரல்தான் முதல் விரல்.

மறுநாள் காலை 10 மணிக்குக் கடை திறந்த மாமா படித்தார், மறுபடியும் படித்தார். சண்டை போடவில்லை. மினிட்ஸில் ஏறிவிட்ட தீர்மானத்தை மதிக்கிற மனிதர். அன்றே முதல் சுற்றறிக்கை விட்டார்: 'புகார்கள் காலை 10 முதல் மாலை 4 வரை மட்டுமே ஏற்கப்படும்.'

எல்லோரும் அதற்கு ஒப்புக்கொண்டார்கள். 4 மணிக்கு மேல் ஒருத்தரும் மெசேஜ் போடுவதில்லை. நேரே வந்து காலிங் பெல்லை அழுத்துகிறார்கள். தண்ணீர் லாரி வரவில்லை, பார்க்கிங்கில் எவனோ வண்டியைக் குறுக்கே விட்டிருக்கிறான், மேல் மாடியில் மிக்ஸி சத்தம். மாமா டாஸ்க் மேனேஜரை மூடிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கிறார். அவனும் வந்து பார்த்துவிட்டு, "பெல் ஒயரைப் பிடுங்கிடலாம் சார், ஆனா கதவைத் தட்டுவாங்களே" என்று சொல்லிவிட்டுப் போனான்.